நகரின் ஓரத்தில் குடியேறுவோர் கவனத்திற்கு

(உத்திரமேரூரில் நிகழ்த்திய ஜும்ஆ உரையின் எழுத்து வடிவம்)

 

 

தொழுகையைப் பற்றியும் நோன்பைப் பற்றியும் மிம்பரில் பேசினால் யாரும் வியப்படைவதில்லை. வீட்டு மனையைப் பற்றியும் மின்சார ரயிலைப் பற்றியும் பேசினால், இவருக்கு எதற்கு இந்த வேலை என்று சிலர் எண்ணக்கூடும். ஆயினும் கடந்த சில ஆண்டுகளில் நம் மஹல்லாவைச் சார்ந்தவர்கள் என்னிடம் வந்து கேட்ட ஆலோசனைகளை எண்ணிப் பார்த்தால், திருமணத்திற்கு அடுத்தபடியாக அதிகம் கேட்கப்பட்டது இதுதான்: "ஹஜ்ரத், சென்னைப் பக்கம் குடிபோகலாமா? போவதானால் எந்த ஊருக்குப் போகலாம்?"

அண்மையில் ஓர் இளைஞர் வந்தார். கிண்டியில் வேலை. நம் ஊரில் ரயில் நிலையம் இல்லை என்பதை நீங்கள் அறிவீர்கள். விடியுமுன் பேருந்தேறி, புக்கத்துறை வழியாகச் செங்கல்பட்டு சென்று, அங்கே மின்சார ரயிலைப் பிடித்துக் கிண்டியில் இறங்குகிறார். காத்திருக்கும் நேரத்தையும் சேர்த்தால் போவதற்கு மூன்று மணி நேரம், வருவதற்கு மூன்று மணி நேரம். மாதத்தில் 26 நாள் என்று வைத்துக்கொண்டால் 156 மணி நேரம். அதாவது ஒவ்வொரு மாதமும் ஆறரை நாட்கள், இரவும் பகலுமாக, அவர் வண்டியிலேயே வாழ்கிறார். "என் பிள்ளை விழித்திருக்கும்போது நான் வீட்டில் இருப்பது ஞாயிற்றுக்கிழமை மட்டும்தான் ஹஜ்ரத். அன்றைக்கும் தூக்கப் போனால் என்னிடம் வராமல் பாட்டியிடம் ஓடுகிறது" என்றார். அவர் குரல் தழுதழுத்தது. அதன் பின்னர்தான் ஊரைப் பற்றிய கேள்வியைக் கேட்டார்.

பயணம் என்பது வேதனையின் ஒரு துண்டு. அது மனிதனின் உறக்கத்தையும் உணவையும் தடுத்துவிடுகிறது. எனவே காரியம் முடிந்தவுடன் குடும்பத்தாரிடம் விரைந்து திரும்பிவிட வேண்டும் என்ற கருத்தில் நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் கூறியுள்ளார்கள். புகாரியில் பதிவாகியுள்ள செய்தி இது. ஒட்டகப் பயணத்தைக் குறித்துச் சொல்லப்பட்டது, இன்று நாள்தோறும் நின்றுகொண்டே ரயிலில் செல்பவருக்கும் எவ்வளவு பொருந்துகிறது பாருங்கள்!

வேலைக்கும் வீட்டுக்கும் இடையே தொலைவு இருப்பது புதிய செய்தியன்று. உமர் (ரலி) அவர்கள் மதீனாவின் மேட்டுப் பகுதியான அவாலியில் குடியிருந்தார்கள். அவர்களும் அன்சாரியான அண்டை வீட்டாரும் முறை வைத்துக்கொண்டு, ஒருநாள் இவர், மறுநாள் அவர் என நபியவர்களின் சமூகத்திற்கு வந்து, அன்றைய செய்தியை மாலையில் மற்றவருக்கு எடுத்துரைப்பார்கள். அபூபக்கர் (ரலி) அவர்கள் கலீஃபாவான பின்னரும் ஏறத்தாழ ஆறு மாத காலம் மதீனாவின் ஓரத்திலிருந்த சுன்ஹ் என்னும் பகுதியிலிருந்து நடந்தும், சில நாள் குதிரையிலும் வந்து பணியாற்றிவிட்டு, இஷாவுக்குப் பின் வீடு திரும்பினார்கள் என்று வரலாற்று ஆசிரியர் இப்னு ஸஅத் குறிப்பிடுகின்றார். அந்தத் தெருவில் அண்டை வீட்டாரின் ஆடுகளுக்குப் பால் கறந்து கொடுப்பது அவர்கள் வழக்கம். கலீஃபாவாகிவிட்டார், இனி நமக்குக் கறந்து தரமாட்டார் என்று ஒரு சிறுமி சொன்னபோது, தொடர்ந்து கறந்து தருவேன் என்று வாக்களித்து அவ்வாறே செய்தார்கள். பின்னர் ஆட்சிப் பணியும் தொலைவும் ஒத்துவராததைக் கண்டு மதீனாவுக்குள் குடிபெயர்ந்தார்கள். அது பற்றி அவர்களை யாரும் குறை சொன்னதாக நாம் படித்ததில்லை.

இங்கே இன்னொரு நிகழ்ச்சியையும் சொல்ல வேண்டும். பனூ ஸலிமா குலத்தார் மஸ்ஜிதுந் நபவிக்குத் தொலைவில் வசித்தார்கள். பள்ளிக்கு அருகில் இடம் காலியானதும் அங்கே குடிபெயர நாடினார்கள். நபியவர்களோ, அவர்கள் இருந்த இடத்திலேயே இருக்கும்படியும், அவர்களின் காலடிகள் நன்மையாக எழுதப்படுகின்றன என்றும் அறிவுறுத்தினார்கள். மதீனாவின் ஓரப்பகுதிகள் ஆளின்றி வெறுமையாவதை நபியவர்கள் விரும்பவில்லை என்ற விளக்கமும் புகாரியில் இருக்கிறது. ஊர் வெறுமையாகிவிடக் கூடாது என்ற கவலை நமக்கும் இருக்கிறது. ஃபஜ்ர் தொழுகையில் நம் பள்ளியின் முதல் வரிசையைத் திரும்பிப் பார்த்தால் முதியவர்கள்தாம் தெரிகிறார்கள். எனினும் இந்த ஹதீஸை எடுத்துக்காட்டி, ஆறு மணி நேரம் பயணம் செய்கின்ற இளைஞரை ஊரிலேயே இரு என்று கட்டாயப்படுத்துவது எனக்கு நியாயமாகப் படவில்லை. அவர்கள் நடந்தது பள்ளிவாசலுக்கு. இவரோ பயணத்தினாலேயே ஜமாஅத்தை இழக்கிறார்.

ஆகவே அவரிடம், "போங்கள் தம்பி. ஆனால் பார்த்துப் போங்கள்" என்றேன். எதைப் பார்த்து என்பதுதான் இனி வரும் செய்தி.

நல்ல வாழ்க்கைத் துணை, விசாலமான வீடு, நல்ல அண்டை வீட்டார், வசதியான வாகனம் ஆகிய நான்கும் மனிதனின் நற்பேறுகள் என்று ஒரு நபிமொழி சொல்கிறது. வீட்டைப் பார்ப்பவர்கள் நம்மில் அதிகம். வாகனத்தைப் பார்ப்பவர்கள் குறைவு. அண்டை வீட்டாரைப் பார்ப்பவர்களோ இல்லையென்றே சொல்லலாம்.

முதலில் வாகனம். நமக்கு இயல்பாக அமைந்த வழி ஜி.எஸ்.டி. சாலையும் அதனையொட்டிய ரயில் பாதையுமாகும். செங்கல்பட்டிலிருந்து சென்னைக் கடற்கரை வரை ஏறத்தாழ 60 கிலோ மீட்டர். இதில் தாம்பரம் ஏறத்தாழ நடுவில் இருக்கிறது. தாம்பரத்திற்கும் செங்கல்பட்டுக்கும் இடையில் பெருங்களத்தூர், வண்டலூர், ஊரப்பாக்கம், கூடுவாஞ்சேரி, பொத்தேரி, காட்டாங்கொளத்தூர், மறைமலைநகர், சிங்கப்பெருமாள் கோவில், பரனூர் என்று நிலையங்கள் உள்ளன. 2023 டிசம்பர் 30-இல் கிளாம்பாக்கம் பேருந்து முனையம் திறக்கப்பட்ட பின்னர், தென் மாவட்டப் பேருந்துகள் கோயம்பேட்டிலிருந்து அங்கே மாறின. அதனால் ஊரப்பாக்கமும் வண்டலூரும் ஊருக்கு வந்துபோவோர்க்கு முன்னைவிட வசதியாகிவிட்டன. வாடகையும் மனை விலையும் அதற்கேற்ப நகர்ந்திருக்கின்றன என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

வீட்டு விளம்பரங்களில், ரயில் நிலையத்திலிருந்து பத்தே நிமிடம் என்று எழுதியிருப்பார்கள். யாருடைய பத்து நிமிடம் என்று எழுதியிருக்கமாட்டார்கள். ஞாயிற்றுக்கிழமை காலை, காலியான சாலையில், தரகருடைய காரில் செல்லும் பத்து நிமிடம் அது. நீங்கள் திங்கட்கிழமை மாலை ஏழு மணிக்கு ரயிலிலிருந்து இறங்கி நடந்து பாருங்கள். கேட் மூடியிருக்கும், ஷேர் ஆட்டோ நிரம்பினால்தான் புறப்படும், தெருவிளக்கு எரியாது. உங்கள் மனைவியோ, கல்லூரி செல்லும் மகளோ தனியே அந்த வழியில் வர இயலுமா என்பதே கேள்வி. அந்த இளைஞரிடம் கணக்குப் போட்டுக் காட்டினேன். கூடுவாஞ்சேரியிலோ மறைமலைநகரிலோ நிலையத்திற்கு நடக்கும் தூரத்தில் வீடு கிடைத்தால், போக ஒன்றேகால் மணி, வர ஒன்றேகால் மணி. மாதத்திற்கு 65 மணி நேரம். அவருடைய பிள்ளைக்கு 91 மணி நேரம் திரும்பக் கிடைக்கிறது.

இன்னொன்று, ஒரே ஒரு நிறுவனத்தின் வாசலை நம்பி வீட்டை வாங்காதீர்கள். மறைமலை அடிகளாரின் பெயரால் திட்டமிட்டு உருவாக்கப்பட்ட மறைமலைநகரில் ஃபோர்டு கார்த் தொழிற்சாலை 2022-இல் உற்பத்தியை நிறுத்தியது. அதன் அருகிலேயே வீடு வாங்கியிருந்த தொழிலாளி, வேலைக்காக வேறு திசையில் நெடுந்தொலைவு செல்ல நேர்ந்தது. ரயில் நிலையத்தின் அருகில் இருப்பவருக்கு வேலை மாறினாலும் வண்டி மாறாது.

அடுத்தது நிலம். இதில் என்னுடைய பிழை ஒன்றை உங்கள் முன் ஒப்புக்கொள்ள வேண்டியிருக்கிறது.

2012-ஆம் ஆண்டு நம் ஊர்க் குடும்பம் ஒன்று முடிச்சூர்ப் பக்கம் மனை வாங்கிச் சிறிய வீடு கட்டியது. துஆச் செய்ய என்னை அழைத்தார்கள். சென்றேன். குறைந்த விலை, நல்ல காற்று, கிணற்றில் பத்தடியில் தண்ணீர். பத்தடியில் தண்ணீர் இருப்பதை அல்லாஹ்வின் அருள் என்று புகழ்ந்துவிட்டு வந்தேன். கிணற்றில் ஏன் இவ்வளவு மேலே நீர் நிற்கிறது, இந்த நிலம் முன்பு என்னவாக இருந்தது என்று கேட்க எனக்குத் தோன்றவில்லை. 2015 டிசம்பரில் அடையாறு கரை புரண்டபோது முடிச்சூர், வரதராஜபுரம், மேற்குத் தாம்பரம் பகுதிகளில் வெள்ளம் புகுந்தது. அந்த வீட்டில் கழுத்தளவு நீர். பின்னால் மாடி வீட்டில் இருந்த ஓர் இந்துக் குடும்பத்தார் கயிறு கட்டி இவர்களை மேலேற்றி, இரண்டு இரவுகள் தங்கள் வீட்டில் வைத்திருந்தார்கள். தொழுவதற்கு ஓர் அறையை ஒழித்துக் கொடுத்து, தங்களிடமிருந்த அரிசியில் கஞ்சி காய்ச்சிக் கொடுத்தார்கள். என்னை அழைத்த பெரியவர் பின்னர் என்னைப் பார்த்தபோது ஒரு வார்த்தையும் குறையாகச் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் எனக்கு இலகுவாக இருந்திருக்கும். 2023-இல் மிக்ஜாம் புயலின்போதும் அப்பகுதியின் தாழ்ந்த தெருக்களில் நீர் நின்றது.

உத்திரமேரூர்க்காரர்கள் இதில் ஏமாறலாமா? நம் ஊர்க் கல்வெட்டில் குடவோலைத் தேர்தலைப் பார்ப்பதற்காக நாட்டின் பல பகுதிகளிலிருந்தும் வருகிறார்கள். முதலாம் பராந்தக சோழனின் காலத்தில், ஆயிரத்து நூறு ஆண்டுகளுக்கு முன், ஏரியைக் கண்காணிப்பதற்கென்றே ஏரி வாரியம் என ஒன்றைத் தேர்ந்தெடுத்த ஊர் இது. வயிரமேகத் தடாகம் என்று பெயரிட்டுக் காத்த ஏரி இன்றும் நமக்கு நீர் தருகிறது. தாங்கல் என்றாலும் ஏந்தல் என்றாலும் சிறிய ஏரி என்று நம் பாட்டிமார்களுக்குத் தெரியும். அந்தச் சொல்லில் முடியும் பெயருள்ள இடத்தில் 'கார்டன்', 'அவென்யூ' என்று பலகை வைத்திருந்தால், பலகையைப் படிக்காதீர்கள், பழைய பெயரைப் படியுங்கள். கிராம நிர்வாக அலுவலரிடமுள்ள அ-பதிவேட்டில் அந்தப் புல எண் எந்த வகை நிலமாகப் பதிவாகியுள்ளது என்று கேளுங்கள். அக்கம்பக்கத்தில் ஆடு மேய்க்கும் முதியவர் ஒருவரை நிறுத்தி, மழைக்காலத்தில் இங்கே தண்ணீர் எங்கே நிற்கும் என்று கேளுங்கள். அவருக்குத் தரகுப் பணம் கிடையாது. எனவே உண்மையைச் சொல்வார். மனை பார்க்கக் கார்த்திகை மாதத்தில் செல்லுங்கள், சித்திரையில் செல்லாதீர்கள்.

ஆவணங்களைப் பொறுத்தவரை சுருக்கமாகச் சொல்கிறேன். இதற்கு வழக்கறிஞரை அணுகுவதே முறை. தாய்ப் பத்திரம், குறைந்தது முப்பது ஆண்டு வில்லங்கச் சான்று, பட்டா ஆகியவை பெயருக்குப் பெயர் பொருந்த வேண்டும். அங்கீகாரமற்ற மனைகளைப் பதிவு செய்யச் சென்னை உயர் நீதிமன்றம் 2016 செப்டம்பரில் தடை விதித்தபோது, ஏழை எளியவர்கள் எத்தனை பேர் தவித்தார்கள் என்பதை மறந்துவிடாதீர்கள். பஞ்சாயத்து அப்ரூவல் என்ற சொல்லைக் கேட்டாலே எழுந்து வந்துவிடுங்கள். இடத்தைப் பொறுத்து சென்னைப் பெருநகர் வளர்ச்சிக் குழுமம் அல்லது நகர் ஊரமைப்புத் துறையின் அங்கீகாரம் இருக்க வேண்டும். 500 சதுர மீட்டருக்கு மேற்பட்ட மனைப் பிரிவானால் ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறை ஆணையத்தின் பதிவு எண்ணும் வேண்டும்.

ஆனால் ஒன்றைச் சுருக்க முடியாது. நம் செங்கல்பட்டுச் சீமைக்கென்று ஒரு வரலாறு இருக்கிறது. 1891-இல் இங்கே ஆட்சியராக இருந்த திரமென்ஹீர் என்ற ஆங்கிலேயர், ஒடுக்கப்பட்ட மக்களின் நிலையைப் பற்றி அறிக்கை அளித்தார். அதன் பயனாக 1892 முதல் அம்மக்களுக்கு அரசு நிலம் ஒதுக்கப்பட்டது. பத்தாண்டுகள் விற்கக் கூடாது, அதன் பின்னும் அவர்களுக்குள்ளேயே கைமாற வேண்டும் என்பது நிபந்தனை. இதுவே பஞ்சமி நிலம். அந்நிலங்களில் எத்தனையோ காலப்போக்கில் பிறர் கைக்குப் போய், மனைப் பிரிவுகளாகி, சந்தை விலையைவிடக் குறைவாக நம்மிடம் வருகின்றன. ஒரு சாண் நிலத்தை அநியாயமாக எடுத்தவரின் கழுத்தில் மறுமையில் ஏழு பூமிகள் மாலையாக்கப்படும் என்ற நபிமொழியை நாம் வக்ஃபு நிலத்தை ஆக்கிரமித்தவர்களுக்கு எதிராக ஓதிக் காட்டுகிறோம். அதே நபிமொழி பஞ்சமி நிலத்தில் வீடு கட்டிய முஸ்லிமுக்கும் பொருந்தும். எனக்குத் தெரியாது என்று சொல்பவர், தெரிந்துகொள்ள எவ்வளவு முயன்றார் என்ற கேள்விக்கு விடை வைத்திருக்க வேண்டும்.

இப்ராஹீம் (அலை) அவர்கள் தம் குடும்பத்தாரைப் பயிர் விளையாத பள்ளத்தாக்கில் குடியமர்த்தியபோது, அவர்கள் தொழுகையை நிலைநிறுத்த வேண்டும், மக்களின் உள்ளங்கள் அவர்கள்பால் சாய வேண்டும், அவர்களுக்குக் கனிகள் உணவாக வேண்டும் என்று இறைஞ்சியதாகத் திருமறையின் பதினான்காம் அத்தியாயம் கூறுகிறது. வழிபாடு, அக்கம்பக்கத்தாரின் அன்பு, உணவு. இந்த வரிசையை நாம் அப்படியே தலைகீழாக்கிவிட்டோம்.

பள்ளிவாசல் அருகில் இருக்கிறதா என்று கேட்பவர்கள்கூட, மக்தப் நடக்கிறதா, எந்த நேரத்தில் நடக்கிறது, ரயிலில் திரும்பும் தகப்பன் இல்லாமல் பிள்ளை தனியே போய்வர முடியுமா என்று கேட்பதில்லை. அடக்கஸ்தலம் எங்கே என்று கேட்பவரை நான் இதுவரை சந்தித்ததேயில்லை. புதிதாகத் தோன்றிய நகர்களில் பள்ளி இருக்கும். அடக்கம் செய்யப் பல கிலோ மீட்டர் செல்ல வேண்டியிருக்கும். அங்கேயும் அந்த ஜமாஅத்தின் உறுப்பினரா என்று கேட்பார்கள். குடிபோன முதல் மாதத்திலேயே ஜமாஅத்தில் பெயரைப் பதிவு செய்து சந்தாவைச் செலுத்திவிடுங்கள். மையித்தை வைத்துக்கொண்டு ரசீது எழுதுவது வேதனையான காட்சி. நான் கண்டிருக்கிறேன்.

அண்டை வீட்டார் என்றால் முஸ்லிம் அண்டை வீட்டார் என்று சுருக்கிவிடாதீர்கள். முடிச்சூரில் கயிறு கட்டியவர்களை நினைத்துக்கொள்ளுங்கள். நம்மவர் தெருவில்தான் வீடு வேண்டும் என்று தேடித்தேடி, தாழ்வான தெருவில் இரட்டை வாடகை கொடுப்பவர்களைப் பார்க்கிறேன். முஸ்லிம் என்பதற்காக வீடு தர மறுப்பவர்களும் உண்டு என்பதை மறைக்கவில்லை. எனினும் மறுத்தவர் ஒருவரால் தெருவே மறுத்ததாகாது.

பிள்ளைகளின் படிப்பைப் பற்றி ஒரு செய்தி. நகருக்குப் போனவுடன் அரசுப் பள்ளியிலிருந்து எடுத்துத் தனியார் பள்ளியில் சேர்ப்பதுதான் முன்னேற்றம் என்று பலர் எண்ணுகிறார்கள். ஆறாம் வகுப்பு முதல் பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியில் படித்தவர்க்கு மருத்துவப் படிப்பில் 7.5 விழுக்காடு உள் ஒதுக்கீடு 2020-இல் சட்டமாயிற்று. 2021-இல் பொறியியல் முதலிய தொழிற்படிப்புகளுக்கும் விரிவாக்கப்பட்டது. ஏழாம் வகுப்பில் பள்ளி மாற்றியவர் பின்னர் வருந்திப் பயனில்லை. புதிய ஊரில் நல்ல அரசுப் பள்ளி எது என்று விசாரித்துவிட்டு முடிவு செய்யுங்கள்.

பணத்தின் செய்திக்கு வருகிறேன். வட்டிக் கடனில் வீடு வாங்குவதைப் பற்றி நம் உலமாக்களின் நிலைப்பாடு உங்களுக்குத் தெரியும். புதிதாகச் சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் கடனுக்கு அஞ்சிப் போக்கியத்தில் போய் விழுபவர்கள் இருக்கிறார்கள். ஐந்து லட்சம் கொடுத்து, மூன்றாண்டு வாடகையின்றி இருந்து, ஐந்து லட்சத்தை முழுமையாகத் திரும்பப் பெறுவது, கொடுத்த கடனுக்காகப் பயன் பெறுவதாகும் என்பதால் அதனையும் வட்டியின் வகையென்றே ஆலிம்கள் தடுத்திருக்கிறார்கள். அப்படியானால் வழி? வாடகைக்கு இருங்கள். வாடகை வீட்டில் இருப்பது இழிவன்று. ஓராண்டு வாடகைக்கு இருந்தால் ஒரு மழைக்காலம், ஒரு கோடைக்காலம், ஒரு ரமளான், ஒரு பள்ளிக்கூட ஆண்டு அனைத்தையும் அந்த ஊரில் கண்டுவிடுவீர்கள். எந்தத் தரகரும் சொல்லாததை அந்த ஓராண்டு சொல்லிவிடும்.

அந்த இளைஞர் எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டார். பிறகு, "அம்மா வரமாட்டேன் என்கிறார்களே ஹஜ்ரத்" என்றார். உண்மையான தடை அதுவாகத்தான் இருந்தது. மனையும் ரயிலும் அதன் பின்னால்தான். அத்தா அடங்கியிருக்கும் மண்ணை விட்டு, மூன்றாவது மாடியில் கதவைப் பூட்டிக்கொண்டு உட்கார அந்தத் தாய்க்கு மனமில்லை. நான் அவர்களிடம் சென்று பேசினேன். "நான் வரவில்லை என்பதற்காக அவனைப் போகவேண்டாம் என்று சொல்லவில்லை. ஆனால் எனக்கு உடம்புக்கு ஒன்று என்றால் அவன் ஒரே வண்டியில் வந்து சேருகிற ஊராகப் பார்க்கச் சொல்லுங்கள்" என்றார்கள். பத்துப் பக்கம் பேசிய எனக்குத் தோன்றாத அளவுகோல் அது!

அதன்படி பார்த்தார்கள். கூடுவாஞ்சேரியை விட்டுவிட்டுச் செங்கல்பட்டிலேயே, ரயில் நிலையத்திலிருந்து நடக்கும் தொலைவில், மேட்டுத் தெருவில் வாடகைக்கு வீடு பிடித்தார்கள். ரயிலில் சற்றுக் கூடுதல் நேரம்தான். ஆனால் உத்திரமேரூர்ப் பேருந்து அங்கேயே நிற்கிறது; அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையும் அங்கேயே இருக்கிறது. சனிக்கிழமை மாலை மூவரும் ஊருக்கு வந்து, ஞாயிற்றுக்கிழமை அம்மாவின் கையால் உண்டு, இரவு திரும்புகிறார்கள். சென்ற வாரம் அஸருக்குப் பின் பள்ளி வாசலில் பார்த்தேன். பிள்ளை அவருடைய தோளில் இருந்தது, இறக்கிவிட்டால் அழுதது. அந்த வாடகை வீட்டிலும், அந்தத் தாயின் வீட்டிலும் அல்லாஹ் பரக்கத் செய்வானாக! ஆமீன்.